ஸ்கேனுக்கு முன்னால் கேட்க வேண்டியவை: ராமநாதபுரம் கடற்கரையில் தீராத குறுக்குவலி

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் குறுக்குவலிக்கு வைத்தியம் தேடுகிறவர்களின் பாதை பெரும்பாலும் ஒரே மாதிரி அமைந்துவிடுகிறது. முதலில் தைலம், பிறகு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் இடுப்பில் ஓர் ஊசி, இடையில் சுளுக்கு எடுப்பவரிடம் ஒரு நடை, பிறகு எக்ஸ்ரே. கடைசியில் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ மதுரைக்குப் போய் ஒரு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அங்கிருந்து பெரிய உறையில் படத்தோடும், 'ஜவ்வு விலகியிருக்கிறது' என்ற ஒற்றை வாக்கியத்தோடும் ஊர் திரும்புகிறார்கள். இத்தனைக்கும் நடுவில், என்ன வேலை செய்கிறீர்கள், வலி எந்த நேரத்தில் கூடுகிறது, எந்த நேரத்தில் குறைகிறது என்று உட்கார வைத்துக் கேட்டு, முதுகைத் தொட்டுப் பார்த்து, காலைத் தூக்கிப் பார்த்த ஒருவரை அவர்கள் சந்திக்காமலே போயிருக்கவும் கூடும். தீராத குறுக்குவலியில் நோயை அறியும் வேலையின் பெரும்பகுதி இந்த விசாரிப்பிலும் தொட்டுப் பார்ப்பதிலும்தான் இருக்கிறது. படம் அதற்குப் பின்னால், சிலருக்கு மட்டும் வர வேண்டியது. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாகிக் கிடப்பதுதான் பலரின் வலி ஆண்டுக்கணக்கில் நீள்வதற்கு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மருத்துவக் கணக்கில் 6 வாரங்களுக்குள் அடங்குவது புதிய வலி. 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 2050-இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியாக உயரும் என்று அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. இவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் வலிக்கு, 'இந்த எலும்பு, இந்த நரம்பு' என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒற்றைக் காரணம் கிடைப்பதில்லை. தசை, தசைநார், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (ஊர்ப்பேச்சில் 'ஜவ்வு'), பின்பக்கச் சிறு மூட்டுகள் ஆகிய அனைத்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு கொள்ளும் வலி அது.

காரணம் சுட்ட முடியவில்லை என்றால் வலி பொய் என்று பொருளில்லை. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே கூருணர்வு கொண்டுவிடுகிறது. தொடக்கத்தில் பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கினால் மட்டும் வந்த வலி, பிறகு குனிந்து செருப்பை எடுத்தாலே வருகிறது. திசு பெரும்பாலும் ஆறியிருக்கும். எச்சரிக்கை மட்டும் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். தூக்கமின்மை, கடன் தவணை, கடலுக்குப் போன படகு எல்லைப் பிரச்சினையில் சிக்கிவிடுமோ என்ற பதற்றம் ஆகியவை இந்த எச்சரிக்கையை இன்னும் உரக்கச் செய்கின்றன. இதைச் சொன்னால், 'அப்படியானால் எல்லாம் என் மனப்பிரமை என்கிறீர்களா?' என்று நோயாளி கோபப்படுவது இயல்பே. வலி முழுக்க உண்மையானது. ஆனால் அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற கைகள் முதுகெலும்புக்கு வெளியிலும் இருக்கின்றன.

வேலையைக் கேட்காமல் வலியைப் புரிந்துகொள்ள முடியாது

இந்தக் கடற்கரையில் முதுகின் மேல் விழும் சுமை ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறுகிறது. விசைப்படகில் போகும் தொழிலாளி, இரவெல்லாம் இன்ஜின் அதிர்கிற பலகையில் நின்றோ படுத்தோ இருக்கிறார். மடிவலை மேலே வந்ததும் தளத்தில் கொட்டிய மீனையும் இறாலையும் குந்தியும் குனிந்தும் மணிக்கணக்கில் பிரிக்கிறார். உடல் முழுவதும் அதிர்வுக்கு ஆளாவது, நெடுநேரம் குனிந்திருப்பது, அதையடுத்து உடனே பளு தூக்குவது ஆகிய மூன்றும் கீழ்முதுகு வலியோடு தொடர்புள்ளவை என்று தொழில்சார் மருத்துவம் நெடுநாளாகச் சொல்லி வருகிறது. இந்த மூன்றும் ஒரே இரவில் சேர்ந்து வருகிற தொழில் இது. கரைவலை இழுப்பவருக்கோ வேறு வகைச் சுமை. கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, மணலில் குதிகாலை ஊன்றிப் பின்னோக்கிச் சாய்ந்து இழுக்கும்போது, காலடியில் மணல் சரியச் சரிய இடுப்பு ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டே இருக்கிறது.

பாம்பன் தீவிலும் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டியும் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறார்கள். நீருக்குள் உடல் எடை தெரிவதில்லை. ஆனால் கரையேறும்போது, ஈரப் பாசி நிறைந்த பை முழு எடையோடு இடுப்பில் தொங்குகிறது. அந்த இடைப்பட்ட சில அடிகளில்தான் பலருக்குக் குறுக்கில் 'சுள்' என்று பிடிக்கிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவர், 'எப்பம்மா வலி கூடுது, தண்ணிக்குள்ளயா, கரைக்கு வரும்போதா?' என்று கேட்டால், 'கரைக்கு வரும்போதுதான் சார், உள்ள இருக்கையில ஒண்ணும் தெரியாது' என்று உடனே பதில் வரும். அந்த ஒரு பதிலில் நோய்க்குறிப்பில் பாதியும் சிகிச்சைக்கான வழியும் அடங்கியிருக்கின்றன. பையை நிரப்பும் அளவைக் குறைக்கலாம், நீரிலேயே மிதவையில் மாற்றிவிடலாம், கரையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறலாம். எந்த ஸ்கேன் படத்திலும் இந்தத் தகவல் தெரியாது.

வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரும் தொழிலாளிக்கும், சாயல்குடிப் பக்கம் பனையேறுபவருக்கும், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீர் கொண்டுவரும் பெண்ணுக்கும் இதே கேள்விகளைத் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். 'கூலி வேலை' என்று ஓ.பி. சீட்டில் ஒரே சொல்லில் எழுதிவிட்டால் எல்லாம் தொலைந்துவிடும்.

படம் சொல்வதும் சொல்லாததும்

1934-இல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்குப் பரவும் வலி உண்டாகிறது என்று விளக்கி எழுதினார்கள். அது பெரிய கண்டுபிடிப்பு. அதற்குப் பிறகு, எல்லாக் குறுக்குவலிக்கும் வட்டுதான் காரணம் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் மக்களிடமும் வேரூன்றிவிட்டது. எம்.ஆர்.ஐ. வந்ததும் பிதுங்கலைக் கண்ணாலேயே பார்க்க முடிந்ததால் அந்த எண்ணம் மேலும் வலுப்பெற்றது.

ஆனால் வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்தபோது கிடைத்த முடிவு வேறு. 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலி இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்ததில் 52 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓரிடத்தில் வட்டுப் புடைப்பு இருந்தது. எல்லா வட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. 2015-இல், வலி இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. வட்டுத் தேய்மானம் 20 வயதினரிலேயே 37 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. 80 வயதினரில் அது 96 சதவீதம். தலை நரைப்பதைப் போலத்தான் முதுகெலும்பின் தேய்மானமும் வயதோடு வருகிறது. எனவே 45 வயது மீனவர் ஒருவரின் படத்தில் தேய்மானமும் லேசான புடைப்பும் தெரிந்தால், அவைதான் அவருடைய வலிக்குக் காரணம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. காரணமாக இருக்கலாம், வெறுமனே உடனிருக்கவும் செய்யலாம். நோயாளி சொல்வதோடும், காலைத் தூக்கிப் பார்த்துக் கண்டறிவதோடும் படம் பொருந்துகிறதா என்பதே முடிவு செய்யும்.

பொருந்தாத படத்தால் வரும் கேடு சிறியதல்ல. 'ஜவ்வு விலகிவிட்டது' என்று கேட்ட ஒருவர், தன் முதுகு எந்த நேரமும் உடைந்துவிடும் என்ற அச்சத்தோடு வீடு திரும்புகிறார். குனிவதில்லை, நடப்பதில்லை, பாயை விட்டு எழுவதில்லை. குடும்பமும், 'நீங்க சும்மா படுங்க, நாங்க பாத்துக்கிறோம்' என்று அன்போடு அவரைப் படுக்க வைத்துவிடுகிறது. இப்படிப் படுத்தே கிடப்பதால் முதுகுத் தசைகள் மெலிந்து, அடுத்த முறை எழும்போது வலி அதிகமாகத் தெரிகிறது. அது அச்சத்தை உறுதிப்படுத்துகிறது. 1986-இலேயே 203 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வில், 7 நாள் படுக்கச் சொன்னவர்களைவிட 2 நாள் மட்டும் படுக்கச் சொன்னவர்கள் குறைந்த நாட்களே வேலையை இழந்தார்கள்; குணமாவதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி இது. இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

தவறவிடக் கூடாதவை

அப்படியென்றால் ஸ்கேனே வேண்டாமா என்றால், சிலருக்கு அது வேண்டும்; அதுவும் உடனே வேண்டும். அந்தச் சிலரைப் பிரித்தெடுப்பதுதான் முதல் சந்திப்பில் மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

சிறுநீர் போவது தெரியாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது, மலம் அடக்க முடியாமை, உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது ஆகியவை வந்தால், அது வலி அல்ல, அவசர நிலை. தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. அறுவைச் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் நிரந்தர இழப்பை நோக்கித் தள்ளும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு எடுக்க முங்குபவர்களில், குழாய் வழியாகக் காற்றுச் சுவாசித்து ஆழத்தில் இருந்துவிட்டு வேகமாக மேலேறிய ஒருவருக்கு முதுகில் வலி தொடங்கி, கால் மரத்து, சிறுநீர் தடைபட்டால் அதுவும் இதே அவசரம்தான். இரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஜன் குமிழிகளாகித் தண்டுவடத்தைத் தாக்கியிருக்கலாம். அவருக்குத் தேவை தைலமல்ல. உடனடியாக ஆக்சிஜனும், அழுத்த அறைச் சிகிச்சைக்கு (காற்றழுத்தம் கூட்டிய அறையில் வைத்து ஆக்சிஜன் தருவது) ஏற்பாடு செய்யக்கூடிய மருத்துவமனையும்.

அடுத்தது முதுகெலும்பில் வரும் காசநோய். டி.பி. என்றால் இருமல் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் நாட்டில், மாதக்கணக்கில் ஓயாத முதுகுவலி, ஓய்விலும் இரவிலும் குறையாத வலி, எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை ஆகியவை சேர்ந்து வந்தால் எலும்புக் காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் விடக் கூடாது. காய்ச்சல் இல்லாமலும் அது வரும். முதுகின் நடுவே ஓர் எலும்பை மட்டும் தட்டினால் வலிப்பதும், அங்கே சிறு கூன் தெரிவதும் முக்கியமான அறிகுறிகள். இந்த நிலையில் சுளுக்கு எடுப்பவரிடம் போய் முதுகை நெரிப்பது தண்டுவடத்துக்கே ஆபத்தாக முடியலாம். முறையாகக் கண்டறிந்தால் அரசு மருத்துவமனையில் மருந்துகள் இலவசம். எலும்புக் காசநோய்க்குப் பெரும்பாலும் 12 மாதங்கள் அல்லது அதற்கு மேலும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். நடுவில் நிறுத்தக் கூடாது.

இளைஞர்களிடம் தவறவிடப்படுவது வேறொன்று. 20, 25 வயதில் தொடங்கி, காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடி, பின்னிரவில் எழுப்பிவிடும் வலி, வேலை செய்ததால் வருகிற வலி அல்ல. முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் தாக்கும் அழற்சி வாதமாக அது இருக்கலாம். வேலையால் வரும் வலி உழைத்தால் கூடும், ஓய்ந்தால் குறையும். இது நேர் எதிர். இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டறியாததால், எத்தனையோ இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்குத் தனி மருந்துகள் உண்டு. மூட்டு வாத நிபுணரைப் பார்க்க வேண்டும்.

முதியவர்களில் சிலர், கொஞ்ச தூரம் நடந்தாலே இரு கால்களும் கனத்துக் குடைகின்றன, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்பார்கள். ஆச்சரியமாக, அதே பாட்டி தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் சாய்ந்தபடி வெகுதூரம் நடந்துவிடுவார். தண்டுவடக் குழாய் சுருங்கியிருப்பதன் அடையாளம் இது. முன்னால் சாயும்போது குழாய் கொஞ்சம் விரிகிறது. நரம்புக்கு இடம் கிடைக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, லேசாகத் தடுக்கி உட்கார்ந்த பிறகு கடும் வலி தொடங்கினால், எலும்பு மெலிந்து முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி, அலை அலையாக அடிவயிற்றுக்கு இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம்.

காலுக்கு இறங்கும் வலியைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெதுவாக உயர்த்தும்போது, பின்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே மின்சாரம் போல வலி இறங்கினால் நரம்பு எரிச்சலடைந்திருக்கிறது என்று கொள்ளலாம். குதிகாலில் நடக்கச் சொன்னால் ஒரு நரம்பு வேரின் பலம் தெரியும். குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நடக்கச் சொன்னால் இன்னொன்றின் பலம் தெரியும். ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தை நோயாளி மரியாதையோடு கேட்டுப் பெறலாம்: 'ஐயா, ஒரு தடவை காலைத் தூக்கிப் பாத்துருங்களேன்.'

பிரசவமான பெண்களிடம் ஒரு நம்பிக்கை ஆழமாக ஊறியிருக்கிறது. 'பெரிய ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டதுலேருந்துதான் இந்த வலி' என்பது அது. ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் வலி இருப்பது உண்மை. ஆனால் அந்த மயக்க ஊசியால் நாட்பட்ட முதுகுவலி வருகிறது என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. ஊசி போடாமல் பிரசவித்த பெண்களுக்கும் இதே அளவில் வலி வருகிறது. கர்ப்ப காலத்தில் வயிற்றுத் தசை இழுபட்டுத் தளர்வது, குனிந்தபடி பாலூட்டுவது, சில வாரங்களிலேயே குடத்தையும் குழந்தையையும் தூக்கத் தொடங்குவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை. ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டால், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்ற முடிவுக்கு அந்தப் பெண் வந்துவிடுகிறாள். வயிற்றுத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் குறையக்கூடிய வலியை ஆயுள் முழுக்கச் சுமக்கிறாள்.

எது குணமாக்குகிறது

நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு அறுவையில்லாச் சிகிச்சை பற்றிய வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. நோயைப் பற்றி நோயாளிக்கு விளக்குவது, உடற்பயிற்சி, மசாஜ் உள்ளிட்ட சில கைமுறைச் சிகிச்சைகள், மனநலம் சார்ந்த சிகிச்சைகள், தேவைப்பட்டால் அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகள் ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் ஒத்தடம், அபின் வகை வலிநிவாரணிகள் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊரில் பிசியோதெரபி என்றாலே படுக்கவைத்துக் கருவியை மாட்டி, பத்து நிமிடம் கழித்து அனுப்புவது என்று ஆகிவிட்டது. கருவி வலியைக் கொஞ்ச நேரம் மறக்கச் செய்யலாம். குணத்தை நோக்கி நகர்த்துவது, நோயாளி தானே செய்யும் பயிற்சிதான்.

எந்தப் பயிற்சி என்று கேட்பார்கள். 249 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளிவந்த மதிப்பாய்வு, நாட்பட்ட வலிக்குப் பயிற்சி பலன் தருகிறது என்று உறுதி செய்தது. தொடர்ந்து செய்யக்கூடியது எதுவோ அதுவே நல்ல பயிற்சி. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, முழங்காலை நெஞ்சோடு அணைப்பது ஆகியவற்றைப் பாய் விரித்த இடத்தில் செய்யலாம். நடை இவை எல்லாவற்றையும்விட எளிது. 2024-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரைப் பின்தொடர்ந்தது. படிப்படியாக நடைப் பயிற்சியும் அதற்கான ஆலோசனையும் பெற்றவர்களுக்கு வலி மீண்டும் வர எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை (நடுமதிப்பு) 208 நாள். பெறாதவர்களுக்கு 112 நாள். நம் கடற்கரையில் புதைமணலில் நடக்காமல், அலை நனைத்து இறுகிய ஓர மணலிலோ சாலையிலோ நடந்தால் இடுப்பு அலையாது. பயிற்சியின்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டியதில்லை. மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவு சரி. திரும்பாவிட்டால் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது.

மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள் சில நாட்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின், மருத்துவர் சொன்ன அளவில் பயன் தருபவை. அவற்றையே மாதக்கணக்கில் மெடிக்கலில் வாங்கி, கடலில் தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு, கரைக்கு வந்ததும் வலி மறக்க மது அருந்தி வந்தால் குடற்புண்ணும் இரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் காத்திருக்கின்றன. உறையில் பெயரில்லாமல் பிரித்துத் தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருக்குமானால் வலி மந்திரம் போட்டது போல மறையும். சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், மேலே சொன்ன காசநோய் உள்ளிருந்தால் அது மறைந்து வளரும். அட்டையில் பெயர் இல்லாத மாத்திரையை வாங்கவே கூடாது.

நொச்சி இலை ஒத்தடம், எண்ணெய் தடவி நீவுவது, சித்த மருத்துவர் கையால் அழுத்திப் பிடித்துவிடும் தொக்கணம் ஆகியவற்றால் தசை தளர்ந்து இதம் கிடைத்தால் மறுக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் உண்டு. வெளிப்படையான இரண்டு எல்லைகளை மட்டும் காக்க வேண்டும்: ஆபத்து அறிகுறிகள் இல்லையென்று முதலில் உறுதியாக வேண்டும், இதம் கிடைத்த நேரத்தைப் படுக்கைக்கு அல்ல, பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டும்.

அறுவைச் சிகிச்சை யாருக்கு என்பதில் இன்று ஓரளவு தெளிவு உண்டு. அவசர நரம்பு அறிகுறிகள் உள்ளவர்களுக்கும், கால் பலம் குறைந்துகொண்டே போகிறவர்களுக்கும் தயக்கமின்றி வேண்டும். வட்டுப் பிதுங்கலால் காலுக்கு இறங்கும் வலி, ஒன்றரை முதல் மூன்று மாத முறையான சிகிச்சைக்குப் பிறகும் தாங்க முடியாமல் இருந்தால் யோசிக்கலாம். 2007-இல் வெளியான ஒரு டச்சு ஆய்வில் இப்படிப்பட்ட 283 பேரைப் பார்த்தார்கள். சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களின் வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் குணமடைந்திருந்தார்கள். காத்திருக்கச் சொன்ன பிரிவில் 39 சதவீதத்தினருக்குப் பிறகு அறுவை தேவைப்பட்டது. மற்றவர்கள் கத்தி படாமலே மீண்டார்கள். காலுக்கு இறங்காத வெறும் குறுக்குவலிக்கு எலும்புகளை ஆணியடித்து இணைப்பதில் பலன் உறுதியில்லை. அப்படி ஒருவர் பரிந்துரைத்தால் இரண்டாவது மருத்துவரிடம் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

அருகில் இருப்பவையும் காலமும்

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். குறுக்குவலியோடு பேருந்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து போவதே ஒரு தண்டனை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ராமநாதபுரமும் ஒன்று என்பதால், முதல் பரிசோதனைக்கும் பெரும்பாலான சிகிச்சைக்கும் மாவட்டத்தைத் தாண்ட வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். அறுவை தேவைப்பட்டால், அது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

உண்மையான குறை கருவிகளில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புது மருத்துவர், புதுச் சீட்டு, முதலிலிருந்து கதை. நாட்பட்ட வலியில் ஒரே மருத்துவரையும் ஒரே பிசியோதெரபிஸ்டையும் மூன்று மாதமாவது விடாமல் பார்ப்பது, புதிதாக ஒரு ஸ்கேன் எடுப்பதைவிட அதிகப் பயன் தரும். பழைய சீட்டுகள், படங்கள், சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரே பையில் வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டுபோக வேண்டும்.

விசைப்படகுத் தொழிலாளிகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வேறு தொழிலாளிகளுக்கு வாய்க்காத ஒரு சிகிச்சைக் காலம். வருமானம் இல்லாத அந்த மாதங்களில் பலர் கட்டுமான வேலைக்குப் போக நேரிடுகிறது என்பதை மறந்து இதைச் சொல்லவில்லை. இருந்தும் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகள் பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், தடை தொடங்கும் வாரத்திலேயே பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிடுவது நல்லது. தடை முடியும்போது பயிற்சி செய்த முதுகும் முதல் நாளே முழுச் சுமையைத் தாங்காது. முதல் இரண்டு வாரம் பனிக்கட்டிப் பெட்டியை இருவராகப் பிடித்துத் தூக்குவதும், கூடையைப் பாதி நிரப்புவதும், மீன் பிரிப்பதைத் தளத்தில் குந்தாமல் இடுப்புயரப் பலகையில் வைத்துச் செய்வதும் படகு உரிமையாளரும் ஓட்டுநரும் பேசி ஒத்துக்கொள்ளக்கூடிய மாற்றங்கள். 'இப்படிக் குனி, அப்படித் தூக்கு' என்று பாடம் நடத்துவதால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், குறைக்க வேண்டியது சுமையைத்தான். பாசி எடுக்கும் பெண்களுக்கு, நீர் வற்றும் நாட்களுக்கு இடைப்பட்ட நாட்களில் பிசியோதெரபிஸ்டிடம் தேதி வாங்கித் தருவதை கிராமச் சுகாதாரச் செவிலியர் ஏற்பாடு செய்யலாம். அலையின் கணக்கைக் கேட்காமல் 'திங்கள்கிழமை வாங்க' என்று எழுதித் தரும் சீட்டுக்கு அவர்கள் வருவதில்லை. அன்று நீர் வற்றினால் கடலுக்குத்தான் போவார்கள்.